உருவேறும் கார்

உதயரூபன் பழுகாமத்துக்கு வாங்கி வந்த பழைய ஜப்பான் கார், காலையில் சாவியைத் திருப்பியதும் ஓவென்று அலறும். யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே எஞ்சின் வேகம் காட்டும் முள் மேலேறி நிற்கும். மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும்.

"கோயில் மரத்துக்குக் கீழ நிப்பாட்டினதுதான்கா, உருவேறிட்டு," என்று அவன் மாமியார் மங்கையற்கரசி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சடங்கில் மனிதர்மேல் ஏறும் தெய்வம் கார்மேல் ஏறக்கூடாதா என்ன? அன்றிலிருந்து, கோயிலில் உரு ஏற்றி இறக்கும் பூசாரியான கட்டாடியார் இளையதம்பி தினமும் வந்து, மஞ்சள்தண்ணீர் தெளித்து மந்திரம் சொன்னார். மந்திரம் முடிய இரைச்சலும் முடியும். அயலவர் கைகூப்புவார்கள்.

ஏறாவூர் மெக்கானிக் றிப்ஷான் விழுந்து விழுந்து சிரித்தான். "எஞ்சின் குளிர்ந்து கிடந்தா நிண்டுபோகும். அதால உள்ள இருக்கிற கொம்பியூட்டர் காத்தையும் பெற்றோலையும் கூட்டிக் குடுக்கும். சூடேறினா குறைச்சிரும். நீங்க மந்திரம் சொன்னாலும் சரி, சினிமாப் பாட்டுப் படிச்சாலும் சரி."

இதை மாமியிடம் சொல்லும் தைரியம் உதயரூபனுக்கு இல்லை.

ஒரு மழைக்காலையில் அவன் மனைவி கஜானிக்கு வலி கண்டது. முதல் பிள்ளை, ஆஸ்பத்திரியோ தூரம். அவன் ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் செய்தான். மாமி கதவை மறித்தாள். "கட்டாடியார் வராம என்ட புள்ள இதில ஏறமாட்டாள்."

கட்டாடியார் சேற்றில் வழுக்கி வந்து சேர்வதற்குள் கார் சூடேறிப் பசுக்கன்றாய் அடங்கியிருந்தது. அவர் திகைத்தார்.

"உரு ஏறாம எப்பிடி இறக்கிறது? முதல்ல ஏத்துவம்."

உடுக்கை எடுத்து அடித்தார். மாமி நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். கார் அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தார். பிள்ளை முற்றத்திலேயே பிறந்துவிடுமோ என்று உதயரூபன் காருக்கும் வாசலுக்கும் இடையே ஓடினான்.

"அம்மா!" கஜானி தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உரு எனக்குத்தான் ஏறிட்டு! ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுது! கெதியா எடுங்க!"

தெய்வ வாக்கை யார் மறுப்பது? அவள்மேல் மஞ்சள்தண்ணீர் தெளிக்கப்பட்டது. கார் பறந்தது.

அன்று மதியம் ஆஸ்பத்திரி வாட்டில், துணி விலகிய குழந்தை ஓவென்று அலறியது. மாமி நடுங்கிப்போனாள்.

"இதுக்கும் ஏறிட்டு! கட்டாடியாரக் கூப்பிடுங்க மகன்!"

"வேணாம் மாமி," என்றான் உதயரூபன். கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமியிடம் சொன்ன முதல் மறுப்பு அது. "குளிர்ந்து கிடக்கு. சூடேறினா தானா அடங்கும்."

மகளைத் துணியால் சுற்றி, கஜானியின் நெஞ்சோடு கிடத்தினான். மூன்று நிமிடத்தில் சத்தம் நின்றது.

மாமி மருமகனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"கட்டாடியாரிட்ட எப்ப மகன் படிச்ச நீங்க?"