பதினைந்துக்கு அப்புறம்

எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் அதற்குப் பெயரே ராசிப் புத்தகம்தான். வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் நர்ஸ் பரீட்சைக்கான கைடு அது. எங்களுக்கெல்லாம் மூத்த நர்ஸ் ரோஸ் சேச்சி பாளையத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அதைப் படித்துத்தான் குவைத்துக்குப் போனார். அவரிடமிருந்து வாங்கியவள் மஸ்கட் போனாள். அவளிடமிருந்து வாங்கியவளும் விமானம் ஏறினாள். தேறியவள் கடைசிப் பக்கத்தில் தன் பேரை எழுதி, இன்னொருத்தி கையில் அதைக் கொடுக்க வேண்டும். அது நம்மிடம் இருக்கும்வரை வேறு கைடைத் தொடக் கூடாது. தங்கபாய் என்று ஒருத்தி தொட்டாள், தோற்றாள். அவள் கோட்டை விட்டது இங்கிலீஷில் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் அது என் கைக்கு வந்தது. பரீட்சை வந்தபோது எனக்கு வயது வரம்பு தாண்ட ஒரு மாதம்தான் பாக்கி. இந்தத் தடவை விட்டால் ஷிஜி என்று ஒருத்தி இருப்பதையே எந்த ஏஜென்சியும் நினைக்காது. பாறசாலையில் என் மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளை மேலே படிக்க வைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம். மெஸ்ஸில் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். இதயம் நின்றுபோன ஆளின் நெஞ்சைப் பதினைந்து தடவை அமுக்க வேண்டும். பிறகு இரண்டு தடவை மூச்சு ஊத வேண்டும். எதிரில் இருந்த அனுஷா நிமிர்ந்து பார்த்தாள். படிப்பு முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத குட்டி.

"சேச்சி, பதினஞ்சு இல்ல. முப்பது."

"உனக்கு யாருடி சொன்னது?"

"எனக்க புக்குல உண்டு சேச்சி. புதிய எடிஷன். அது மாறியாச்சு அல்லே."

வாய் நீளம்தான் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டே புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். தொடக் கூடாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. "நீயே பிடிச்சுக் காட்டு" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

முப்பதுதான். கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் இருப்பது எலும்பு முறிவு வார்டு. அங்கே யாருக்காவது இதயம் நின்றால் நாங்கள் போன் செய்வோம், வேறு ஆட்கள் ஓடி வருவார்கள். ஊரெல்லாம் மாறியது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மாறாத பக்கங்கள்தான் அதிகம். ஆனால் எங்கே மாறியிருக்கிறது என்று தெரியாதவளுக்கு எல்லாமே மாறினதுதான். ஆறு மாதமாக மனப்பாடம் செய்ததில் எதை நம்புவது என்று தெரியாமல் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். சோற்றை அப்படியே கொட்டினேன்.

டெலிபோன் பூத்துக்குப் போய் குவைத்துக்குப் பேசினேன்.

"எடி, நீ பேடிக்காத, ஒரு பயமும் வேண்டாம்" என்றார் ரோஸ் சேச்சி. "அவங்க பழைய கேள்வியத்தான் திருப்பித் திருப்பிப் போடுவாங்க. விடையும் பழசுதான் வச்சிருப்பாங்க. பதினஞ்சுன்னே போட்டுட்டு வா."

"இப்ப முப்பதுன்னு சொல்லுதாளே. சரி எதுவாக்கும் சேச்சி?"

"உனக்கு பாஸ் ஆகணுமா, சரியா இருக்கணுமா?"

இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் எழுத்துப் பரீட்சை. பதினைந்தா முப்பதா என்று எங்காவது கேட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கேள்வியாகத் தேடிப் படித்தேன். அந்தக் கேள்வி வரவே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு வெளியே வந்தால், ஏஜென்சிக்காரன் பக்கத்து அறையைக் காட்டுகிறான்: "பிராக்டிகல் உண்டு சிஸ்டர்."

உள்ளே கம்பளத்தின்மேல் கால் இல்லாத ஒரு பொம்மை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நாற்காலியில் ஒரு மேட்ரன். பேனாவைத் திறந்துகொண்டு, "ஸ்டார்ட் செய்தோளு" என்றார்.

முந்தின ராத்திரியே முடிவு செய்திருந்தேன், முப்பதுதான் என்று. ரோஸ் சேச்சி கேட்ட கேள்வி அந்த அளவுக்கு என்னை அறுத்திருந்தது. மண்டியிட்டேன். கையைக் கோத்து அமுக்க ஆரம்பித்தேன், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. என்னைக் கேட்காமலே என் கை நின்றது.

மேட்ரனின் பேனா அந்தரத்தில் நின்றது. ஊதவா, தொடரவா? இப்போது தொடர்ந்தால் தடுமாறியது தெரிந்துவிடும். ஊதினால் ஒருவேளை ரோஸ் சேச்சி சொன்னதுபோல அதுவே சரி என்று போட்டுவிடுவார்கள். கீழே பார்த்தேன். அது வெறும் ரப்பர் பொம்மை. ஆனால் நான் யோசித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிறது, அதன் நெஞ்சை யாரும் அமுக்கவில்லை. அதைப் பார்த்ததும் பரீட்சை பயம் போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

"பதினாறு" என்றேன். அமுக்கினேன். முப்பதுவரை நிறுத்தவில்லை. என் வியர்வை அதன் முகத்தில் சொட்டியது.

"பதினஞ்சில் எந்தா நிர்த்தியது?" என்று கேட்டார் மேட்ரன்.

"படிச்சது அப்படியாக்கும் மேடம்."

அவர் தலை நிமிராமல் எதையோ எழுதினார்.

சாயங்காலம் தேறியவர்கள் பேரைப் படித்தார்கள். என் பேர் இருந்தது. ஹால் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் தோற்றுப்போனவள் என்று நினைத்திருப்பார்கள்.

ஹாஸ்டல் கேட்டில் கலைச்செல்வி காத்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னோடு எலும்பு வார்டில் இருப்பவள். ராசிப் புத்தகம் அடுத்து அவளுக்குத்தான் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மாதமாக என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே பாதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தாள்.

"அக்கா, பேரு எழுதியாச்சா?"

அறைக்குப் போய் எழுதினேன். கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. கொடுக்காமல் இருக்கவும் பயம். விசா இன்னும் வரவில்லை. கைமாறி வந்த ராசி என்னோடு அறுந்து, விசா வராமல் போனால்? கேட்பவர்களுக்குச் சிரிக்கத் தோன்றும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

"இது பழசு கலை. புதுசு வாங்கிப் படி."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஒங்களுக்குக் கெடச்சாச்சு. இனிமே ராசியப் பூட்டி வச்சுக்கிடுதியளாக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டேன். "அமுக்குடி. வாய்விட்டு எண்ணு."

முறைத்துக்கொண்டே மண்டியிட்டாள். நல்ல பலமான கை, தாளம் தப்பவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. எண்ண எண்ண அவள் கோபம்கூட இறங்கியது. பதினைந்து என்றதும் டக்கென்று நிறுத்தினாள். நிமிர்ந்து, முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"சரிதானக்கா?"

மறுநாள் காலையிலிருந்து அவளை ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தார்கள்; அங்கே யாருக்காவது இதயம் நின்றால் அமுக்க வேண்டியவள் அவள்தான். புத்தகத்தை என் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துத் தலையணைமேல் வைத்தேன்.

"பதினாறு" என்றேன். "சொல்லுடி. பதினாறு."