பின் சீட்டு மூடி

வினோலியா கணவன் ஓட்டிய பைக்கிலிருந்து விழுந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த நாயை அவள் மாமியார் லூர்தம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை.

"குறுக்க வந்துச்சே சனியன், அது வெளங்குமா? எம்மருமக கால ஒடிச்சுப்புட்டு எங்கிட்டுத் திரியுதோ!"

கீரை ஆய்ந்தபடி அவள் திட்ட ஆரம்பித்தால் மகன் ஆனந்த்ராஜ் எழுந்து வெளியே போய்விடுவான். நாய் வந்தது என்று சொன்னவன் அவன்தான். ஆமாம் என்று தலையாட்டியவள் வினோலியா.

நாயே கிடையாது. அன்று காலை ஆனந்த்ராஜ் பின் சீட்டைக் கழற்றி, அடியிலிருந்த ஸ்பானரை எடுத்துத் தளர்ந்திருந்த பக்கக் கண்ணாடியை முறுக்கினான். திரும்ப மாட்டியபோது சரியாகப் பூட்டவில்லை. சாணார்பட்டி ரோட்டு வேகத்தடையில் சீட்டு அவளோடு சேர்ந்து நழுவியது. விழுந்து கிடந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆள் கூடுவதற்குள் ஆனந்த்ராஜ் சீட்டை எடுத்து மாட்டினான். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்க வந்தான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே அந்தச் சீட்டு பரணுக்குப் போனது. அது இருந்த இடத்தில், முதுகுக் கூன் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி வந்து உட்கார்ந்தது. இனி அதில் யாரும் ஏற முடியாது. அவள் மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவன் வண்டியில் வந்தான். தினமும்.

"டீச்சர், ஒங்க பாதுகாப்புப் படை வந்துருச்சு. ரெட்டை விசில் குடுக்கவா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் விடுமுறை. கம்பால் தள்ளிப் பரணிலிருந்து சீட்டை இறக்கினாள். வண்டியின் பின்விளக்குக்கு அடியில் சாவியைத் திருகி மூடியை இழுத்தாள். கழன்று வந்தது.

"இந்தா, என்ன செய்யிற?" ஆனந்த்ராஜ் ஓடிவந்தான்.

"பாத்தா தெரியலையா? மாட்டுறேன்."

"குடு, நான் மாட்டுறேன்."

"வேணாம். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவன் சீட்டுக்கு அடியில் நீட்டியிருந்த கொக்கியைக் காட்டினான். "முன்னால இருக்க நாக்க மொதல்ல உள்ள விடணும். அப்புறம் பின்னால அமுக்கணும்."

"அமுக்கிட்டேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப பூட்டல."

"பாக்கப் பூட்டுன மாதிரித்தான இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் தூக்கி மறுபடி செருகி அமுக்கினாள். டக். அவன் பிடித்து இழுத்துப் பார்த்தான். அதுவும் போதாமல் தானே பின் சீட்டில் ஏறிக் குதித்துக் குதித்து உட்கார்ந்தான்.

"ஏலே, பின்னால ஒக்காந்து எப்படிடா ஓட்டுவ? கூறு கெட்டவனே!" உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள் லூர்தம்மாள்.

இருவரும் சிரிக்கவில்லை.

"நாயி வரல, வினோ."

"தெரியும்."

"எப்பருந்து?"

"கண்ணத் தொறந்துதான் கெடந்தேன். மொதல்ல சீட்டத்தான தூக்குனீங்க."

அவன் இறங்கவில்லை. சீட்டு விளிம்பையே தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஏறுறேன்."

"இப்பவேவா?"

"பாவம், அந்த நாய எம்புட்டு நாளுதான் திட்டுவாக?"

உள்ளே போனான். அவன் குரல் தாழ்ந்து கேட்டது. லூர்தம்மாள் குரல் கேட்கவே இல்லை. சற்றுப் பொறுத்துக் கீரைத் தட்டு தரையில் நங்கென்று விழுந்தது.

சிவந்த கண்ணோடு வந்தவன் வண்டியைக் கிளப்பினான்.

"ஏறு. செத்த தூரம் போயிட்டு வருவோம்."

வலிக்கிற காலை மெல்லத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோளப் பிடிச்சுக்க."

அவள் இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கியது. சீட்டு அசையவில்லை. அவள் கையும் அங்கிருந்து எழவில்லை.