யூ என்கிற ஃபோல்டர்

என் லேப்டாப்புக்கு மூன்று வாரமாக ஒரு வியாதி. ஆன் செய்து விண்டோஸ் வந்ததும் திரை நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நிற்கும். சி டிரைவில் யூ என்கிற ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைத் தேடினேன், காணோம் என்று ஆங்கிலத்தில் முறையிடும். ஓகே அழுத்தினால் போய்விடும். மறுநாள் அதே பெட்டி, அதே முறையீடு. நானும் வாயை மூடிக்கொண்டு ஓகே அழுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிய வேலை இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை எனக்குச் சென்னையில் இன்டர்வியூ. புனேயில் ஒரு கம்பெனி; புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் வேலை. ஐந்து பேர் முன்னால் இதே லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே இந்தப் பெட்டி வந்து நின்றால் மானம் போய்விடும்.

வீட்டில் சொல்லவில்லை. இதற்கு முன் வந்த மூன்று இன்டர்வியூக்களையும் சொன்னதில்லை. கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பேன். அதற்குள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். ஐதராபாத்துக்கு முந்தின நாள் வந்தது. கோயம்புத்தூருக்கு முந்தின நாள் வந்தது. பெங்களூருக்கு முந்தின நாளும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஈசிஜி. ஒவ்வொரு முறையும் டாக்டர் வாயுத் தொந்தரவு என்பார். நான் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி பீரோவில் வைப்பேன். மூன்றாம் முறை பயந்துபோய் தில்லைக்காளி கோயிலுக்கு ஓடினேன். அப்பாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, எனக்கு வேறு வேலையே வேண்டாம் என்று அழுதேன்.

அப்பா சுப்புரத்தினம், அரசாங்க ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மளிகைச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகை உறையானாலும் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்த மாட்டார். ஓய்வு பெற்ற கையோடு தெற்கு வீதியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கற்றார். எனக்கு இந்த லேப்டாப்பை வாங்கி, ஒரு வாரம் தன்னிடமே வைத்திருந்து, எல்லாம் செட் செய்து கொடுத்தவரும் அவர்தான். "எம் பொண்ணு எங்க வேணும்னாலும் போவட்டும், நான் தடுக்க மாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

புதன்கிழமை கடலூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி விட்டதும் திருப்பாதிரிப்புலியூரில் செம்பியனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். எர்ரரைச் சரி செய்யப் போகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். பெட்டியைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஆன்ட்டிவைரஸ் ஏதாச்சும் புதுசா போட்டீங்களா மேடம்?"

"மூணு வாரம் முன்னாடி காலேஜ்ல போட்டு வுட்டாங்க. என்னமோ புடிச்சிருக்கு, மெயில் பாஸ்வேர்டையும் மாத்திடுங்கன்னாங்க. மாத்திட்டேன்."

"அதான். அது ஒரு ப்ரோகிராமைத் தூக்கிடுச்சி. ஆனா ஸ்டார்ட் ஆவும்போது அதைக் கூப்புடுன்னு எழுதி வச்சது அப்படியே கெடக்குது. ஆளு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனது தெரியாம தெனம் வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்புடுற மாரி."

சிரித்துக்கொண்டே உள்ளே தேடியவர் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்.

"மேடம், இது வைரஸ் இல்ல. நீங்க என்ன டைப் பண்ணாலும் திருட்டுத்தனமா எழுதி வச்சிக்கிற சாமான். பாஸ்வேர்டு வரைக்கும். நெட்டுலேருந்து தானா வந்ததும் இல்ல, யாரோ பக்கத்துல உக்காந்து இன்ஸ்டால் பண்ணிருக்காங்க. பேரைப் பாருங்க, யூவாம். நீதான்னு சொல்றாப்ல."

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். அந்த எழுத்தை நானும் மூன்று வாரமாக அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் ஜாதக விவரத்தை அப்பா இதே லேப்டாப்பில் டைப் செய்தது நினைவுக்கு வந்தது. என் பெயருக்கு மேலே நட்டநடுவில் ஒற்றை ஆங்கில யூ நின்றது. இது என்னப்பா என்றேன். "தமிழ் எழுத்து வர்லம்மா. அதுவும் உ தானே, புள்ளையார் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அது யூ இல்லை. உ. என்னை வேவு பார்க்கிற காரியத்தையும் மனுஷன் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்.

ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். நான் டைப் செய்ததெல்லாம் நாள்வாரியாக இருந்தது. கடைசியில் அப்பாவே டைப் செய்த ஒரு ஃபைல். தலையில் ஒரு யூ. கீழே மூன்று வரி: ஐதராபாத், கோயம்புத்தூர், பெங்களூர். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்டர்வியூ தேதி. சென்னை இல்லை. அந்த மெயில் பத்து நாளைக்கு முன்புதான் வந்தது. புது பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது.

"அழிச்சிடட்டுமா மேடம்?"

"அந்தக் கூப்புடுறதை மட்டும் எடுத்துடுங்க. ஃபோல்டர் இருக்கட்டும்."

சிதம்பரம் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஜெயித்திருப்பேன் அல்லது தோற்றிருப்பேன். என் மெயிலைப் படித்ததைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "பிரீதா, பக்கத்துலயே இரும்மா" என்றாரே! அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"எர்ரர் போச்சாம்மா?"

"போச்சுப்பா. ஏதோ பழைய ப்ரோகிராமாம். இப்ப இல்லையாம்."

"உள்ளயெல்லாம் தொறந்து பாத்தானா?"

"தெரியலப்பா."

அவர் பேப்பரைப் புரட்டினார். அன்றும் மறுநாளும் அவருக்கு ஒரு வலியும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் அம்மா செய்த மோர்க்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பையோடு கூடத்துக்கு வந்தேன். அப்பா நடைக்குக் கிளம்பச் சட்டை போட்டு நின்றிருந்தார். அம்மா அபயாம்பாள் அடுப்படியில் இருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு மெட்ராஸ்ல எனக்கு இன்டர்வியூ. கெடைச்சா புனே போறேன்."

அவர் வலது கை மெல்ல எழுந்து இடது மார்புக்குப் போனது. நான் அந்தக் கையையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். கை ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு, அதற்காகத்தான் போனது போல, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது.

"உ போட்ட பக்கத்துல நாலாவதா இதையும் எழுதிக்குங்கப்பா" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"அவுருக்கு ஒண்ணும் ஆவாது. நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் என் பக்கம் நிற்கவும் ஒரு ஆள் இருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் படி இறங்கினேன். கீழ வீதி முனை திரும்பும்போதுதான் உறைத்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனதை அவள் பார்க்கவில்லை. வலி என்று யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

மூன்று முறையும் எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதவள் அவள்தான்.