கம்பி கட்டிய வாய்க்கு வான்கோழி

தாடையை உடைத்தவன் சமாதானம் பேச என்ன வாங்கி வந்தான் தெரியுமா? முழுசாகச் சுட்ட வான்கோழி. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஸ்ட்ராவில் பால் உறிஞ்சிக்கொண்டிருக்கும் பெண்டாட்டிக்கு! அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தொடையைப் பிய்த்துத் தின்றான். "நாளைக்குச் சாயங்காலம் வரேன் அத்தை, ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம்.

பெண்டாட்டியின் அக்காவுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலை மிச்ச வான்கோழியைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் போனவளை அம்மா மறித்தாள்.

"கோவத்தைச் சாப்பாட்டுல காட்டாதே. புள்ள வெறும் பாலையும் ஜூஸையும் குடிச்சுக் கெடக்குது. சூப்பு வச்சுக் குடு, தெம்பா கிளம்பட்டும்."

"எங்க கிளம்பட்டும்?"

"அவ வீட்டுக்குத்தான். அடிக்கிற கைதான் அணைக்கும்."

"அதைச் சொன்னவன் அடி வாங்கியிருக்க மாட்டான்மா."

தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் பேசலாம் என்று டாக்டர் சொல்லியும், கம்பி கட்டியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போவாளா, இருப்பாளா? அதுதான் அக்காவை அரித்தது. பேசாதவளைச் சம்மதித்தவளாக்க எவ்வளவு நேரமாகும்?

எலும்பில் ஒட்டியிருந்த சதையை உரித்தெடுத்தாள். எலும்புக்கூட்டை இரண்டு கையாலும் பிடித்து முறித்தாள். மார்பெலும்பு படக்கென்று உடைந்ததும் தங்கச்சி தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடப்பாவி, இந்தச் சத்தத்தை இவள் தனக்குள்ளேயே கேட்டிருக்கிறாளே! அதற்கப்புறம் அக்கா எதையும் உடைக்கவில்லை. மிச்சத்தை அப்படியே பெரிய பாத்திரத்தில் இறக்கி, வெங்காயம், காரட், மிளகு போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்தாள். மிதந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுக்க எடுக்க, "நாசமாப் போறவன், விளங்காதவன்" என்று வாய் அதன்பாட்டுக்கு ஓடியது. சதையை விழுதாக அரைத்துக் கலந்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள். ஒரு நார் தொண்டையில் மாட்டினாலும் தங்கச்சியால் வாயைத் திறந்து துப்ப முடியாது.

சாயங்காலம் அவன் வந்தான். அம்மா துணிமணிப் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஆயிற்றே, முதல் கிண்ணத்தை அவனுக்கே ஊற்றிக் கொடுத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் இரண்டு வாய் குடித்தான். "உப்பு கம்மி. சரி, கிளம்பு."

தங்கச்சி உதட்டிலிருந்து ஸ்ட்ராவை எடுத்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"என்னது? ஒண்ணும் புரியல. வாயைத் திறந்து சொல்லு."

அக்கா கையில் கரண்டியோடு அவன்மேல் பாயப் போனாள். தங்கச்சி கை நீட்டித் தடுத்தாள். எழுந்து அவன் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை விரித்துக் கம்பியைக் காட்டினாள்.

"வர மாட்டேன். போ."

இந்தத் தடவை எல்லாருக்கும் புரிந்தது.

அவன் மாமியாரைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க அத்தை."

அம்மா கிட்டே வந்து அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அதில் பாதிக்கு மேல் சூப் இருந்தது.

"அதான் சொல்லிட்டாளே" என்றாள்.