லியோன் வளவில் நின்ற சத்தம்

திருவிழாக்கள் முடிந்து ஒலிபெருக்கிகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் சத்தம் லியோனின் வளவிலேயே நின்றது. நாரந்தனையிலிருந்து சுருவிலுக்குப் போகும் வழியில் உள்ள அந்த வளவுக்குக் கிழக்கே தேவாலயம், மேற்கே பிள்ளையார் கோவில். அந்த வருடம் இரண்டிலும் ஒரே கிழமையில் கொடி ஏறியது. இரண்டுக்கும் ஒலிபெருக்கி கட்டியவன் ஜெகதீஸ். ஒரு பக்கம் கூடினால் மற்றப் பக்கம் சண்டைக்கு வரும் என்று, இரண்டையும் ஒரே அளவில் வைத்து ஒன்றையொன்று பார்க்கத் திருப்பிவிட்டான். இரண்டு சத்தமும் லியோன் வளவில் சந்தித்தன. சம பலம். ஒன்றை மற்றது தள்ள முடியவில்லை. செபமும் தேவாரமும் கலந்து ஒரே இரைச்சலாகி அங்கேயே நின்றுவிட்டன. ஒழுங்கையின் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன, உரிமையாளர்கள் கனடாவில். முறையிட வேறு ஆள் இல்லை.

“அக்கா, என்ர வானுக்குள்ள வந்து பாருங்கோ. ஸ்பீக்கர் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடக்கு” என்றான் ஜெகதீஸ், முறையிட வந்த லியோனின் மனைவி அன்ரனிட்டாவிடம். அது உண்மைதான்.

லியோன் இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவன். இப்போது பகல் தூக்கம் போனது. ஒரு விடியலில் சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தான். படகு பாலத்துக் கற்களில் ஏறியது. கூடப் போகும் மிரோஜன், “அண்ணை, நித்திரையைக் கரையில முடிச்சிட்டு வாங்கோ. இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கிறன்” என்றான்.

“சுருவிலுக்குப் போவம், உன்ர தம்பி வீட்டை” என்றான் லியோன், வீட்டுக்கு வந்து மனைவியிடம்.

அன்ரனிட்டா அசையவில்லை. “இடம்பெயர்ந்து திரும்பி வந்து கட்டின வீடு. சத்தத்துக்குப் பயந்து எழும்ப மாட்டன். நீங்கள் வேணுமெண்டால் போங்கோ.”

மறுநாள் முற்றத்தில் காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியல் மா கோடு கோடாகக் குவிந்து கிடந்தது. கூட்டிப் பரப்பினாள், மறுபடியும் அதே இடங்களில் குவிந்தது. குனிந்து ஒரு கோட்டில் காதை வைத்தாள். இரைச்சல் இல்லை. ஒரு சாண் தள்ளினால் இருந்தது. மாவைத் தூவிக்கொண்டே வளவு முழுக்க நடந்தாள். ஒரு கோடு கிணற்றுக்குள் விழுந்தது. ஒன்று கோழிக்கூட்டின் குறுக்கே போனது. கோழிகள் அதை ஏற்கெனவே கண்டுபிடித்து வரிசையாகப் படுத்திருந்தன. வீட்டுக்குள் வந்த ஒரே கோடு சமைக்கிற குசினியின் சுவருக்குள் ஓடியது.

அன்ரனிட்டா அலவாங்கை எடுத்துச் சுவரை உடைத்தாள். கல்லை அள்ளிக் கொட்டி, தலைமாடு கோட்டில் வரும்படி கட்டிலைப் போட்டாள். லியோன் படுத்தான். பொழுதுபட எழும்பிப் படகுக்குப் போனான். மிரோஜன் வேறு ஆள் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஜெகதீஸ் ஒரு யோசனையோடு வந்தான். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் நிற்கிற சத்தம் நகர்ந்து போய்விடுமாம். அன்ரனிட்டா படலையைத் திறக்கவில்லை.

“அளவைத் தொட்டியோ, கையை முறிப்பன். சத்தம் போனால் கோடும் போயிடும். பிறகு நீ திருவிழாவுக்குப் பாட்டுப் போடேக்க என்ர மனுசன் எங்க படுக்கிறது?”

ஜெகதீஸ் பழைய அளவிலேயே வைத்தான். திருவிழா முடிந்த காலை, விடிய விடிய ஒலிபெருக்கி பார்த்துக் கண் சிவந்து, ஒரு பாய் கேட்டு வந்தான். லியோன் விழிக்காமலே கொஞ்சம் ஒதுங்கினான்.

“தலையைக் கோட்டில வை” என்றாள் அன்ரனிட்டா. “காலை எங்கயும் வை.”