கைப்பூட்டு

தொடேன். ஒரே ஒரு தடவை தொட்டுத்தான் பாரேன். யார் உன் கையை வெட்டப்போகிறார்கள்?

பெரியவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பழைய வீட்டின் சமையலறை வாசலில் நின்று தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில்தான் இருந்தன தங்கையின் இரண்டு கைகளும். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். 'இந்த அறையில் உள்ள பொருட்களைத் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.' நீதிபதி ஒருவர் வாழ்ந்த வீடு அது. அவர் எழுதிய மேஜை, படுத்த கட்டில், மூக்குக் கண்ணாடி எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தன. சமையலறைக்கு மட்டும் கயிறு கிடையாது. நீதிபதி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார், அங்கிருப்பதைத் தொட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டார்கள் போல.

உள்ளே ஒரே கலகலப்பு. வயதான ஒருவர் மாவரைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "வீட்டுல மிக்ஸி சுவிட்சைப் போடச் சொன்னா கை வலிக்கும், இங்க வந்து சுத்துறதைப் பாரு," என்றாள். சின்னவளின் மகள், எல்லோருக்கும் அவள் வாலு, கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கப் பார்த்து முகம் சிவந்து நின்றாள்.

"வாலு, கை!" என்றாள் சின்னவள்.

"தொடலாம்மா. போர்டுல போட்டிருக்கு. பெரியம்மா, நீயே சொல்லு, அம்மா நம்ப மாட்டேங்குறா."

"போட்டிருக்குடி," என்றாள் பெரியவள். பிறகு, சும்மா கேட்பதுபோல, "நீயும் தொட்டுப் பாரேன். அந்தச் செம்புப் பானை எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு."

"பார்த்துட்டேன்கா," என்றாள் சின்னவள். பார்க்கத்தான் பார்த்தாள். பானைக்கு அருகில் குனிந்து, பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்து, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் பெரியவள்தான்.

படிப்பை முடித்த கையோடு அவள் ஒரு பீங்கான் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கோப்பைகளைக் காது ஒரே திசையில் பார்க்க அடுக்குவது, தட்டுகளுக்கு நடுவே காகிதம் வைப்பது, விரலால் சுண்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிப்பது எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதது வாடிக்கையாளர்களின் குழந்தைகள். அம்மாக்கள் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது அலமாரிகளுக்கு நடுவே அவை ஓடும். அவள் பின்னாலேயே ஓடுவாள். முகத்தில் சிரிப்பு, கண் மட்டும் தட்டுகள் மேலேயே இருக்கும். "கண்ணால பாரு கண்ணா, கையால பார்க்காத," என்று நாள் முழுக்கச் சொல்லி, தூக்கத்திலும் சொல்வதாக அம்மா கேலி செய்வாள்.

அம்மாவுக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. விடுமுறை நாளில் கட்டையைப் போலத் தூங்குவாள். அப்பா இல்லாத வீடு. சின்னவள் அப்போது கைக்குழந்தை வயதைத் தாண்டி, எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கிற வயதில் இருந்தாள். அம்மா தூங்கட்டும் என்று பெரியவள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போக்கிடம் அருங்காட்சியகங்களும் இந்த மாதிரிப் பழைய வீடுகளும்தான். வெயில் படாது, வாங்கச் சொல்லி யாரும் நச்சரிக்க மாட்டார்கள், உட்கார அங்கங்கே பெஞ்சு இருக்கும். ஆனால் உள்ளே நுழைந்தால் எங்கே பார்த்தாலும் கண்ணாடியும் பீங்கானும்தான். விடுமுறை நாளிலும் கடை அவள் கூடவே வந்துவிடும்.

அதற்காகத்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள். வாசலிலேயே தங்கையைத் திருப்பி நிறுத்தி, இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்து, மணிக்கட்டில் இல்லாத சாவியை ஒரு திருப்பு திருப்புவாள்.

"பூட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சாவி?"

"உன்கிட்ட!"

வெளியே வந்ததும் மறுபடி திருப்பித் திறந்துவிட வேண்டும். குழந்தை இரண்டு கைகளையும் சிறகு மாதிரி விரித்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடுவாள். காவலாளிகள்கூட, "தங்கமான பிள்ளைம்மா," என்பார்கள். பெரியவளுக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு நாள் திறக்க மறந்துவிட்டாள். மறுநாள் கடையில் புதுச் சரக்கு இறங்குகிறது, எங்கே அடுக்குவது என்ற யோசனையிலேயே பஸ் ஏறிவிட்டாள். பஸ் பிரேக் போட்டபோது எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். சின்னவள் பிடிக்கவில்லை. கைகளைப் பின்னால் வைத்தபடியே முன்னால் போய் விழுந்து, தாடை சீட்டுக் கம்பியில் மோதிக் கிழிந்தது.

"பிடிச்சுக்கத் தெரியாதா, லூசு!" என்று கத்தினாள் பெரியவள்.

ரத்தத்தோடு அது சொன்னது: "நீ திறக்கவே இல்லையேக்கா."

வீட்டில் இது பெரிய நகைச்சுவையாகிவிட்டது. சின்னவளின் கல்யாணத்தில்கூடப் பெரியவள் இதை நடித்தே காட்டினாள். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சில வருடங்கள் கழித்து ஒரு நாள் அவரே, "உங்க தங்கச்சி என் கையைப் பிடிக்கணும்னா மனு கொடுக்கணும்கா, அதுவும் மூணு நகல்," என்றபோதும் அவள் சிரிக்கத்தான் செய்தாள். பேங்கில் வேலை பார்ப்பவள், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிட்டாள் என்று தானும் ஒரு பதில் சொன்னாள்.

சிரிப்பு நின்றது போன வருடம்தான். பித்தப்பையில் கல் என்று பெரியவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். சின்னவள் தவறாமல் வந்தாள். மாத்திரை, வெந்நீர், மாற்றுத் துணி, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் போய் நிற்பாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அங்கே மாட்டியிருந்த அட்டையை முதலிலிருந்து கடைசி வரை படிப்பாள். பிறகு அக்காவைப் பார்ப்பாள். கண் கலங்கியிருக்கும். ஆனால் கை வராது. நெற்றியில் ஒரு கை வைக்க மாட்டாளா என்று பெரியவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். அடுத்த கட்டில்காரி, "யாரும்மா அது, பெரிய டாக்டரா? ரவுண்ட்ஸ் வந்த மாதிரியே நிக்குறாங்க?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி," என்று சொல்லும்போதுதான், அந்த நிற்றலை எங்கே பார்த்திருக்கிறோம் என்பது பெரியவளுக்கு உறைத்தது.

ஒரு விளையாட்டால் ஒருத்தி இப்படி ஆகிவிடுவாளா? சுபாவமாகவும் இருக்கலாம். அம்மாவும் அதிகம் ஒட்டாதவள்தான். இப்படியெல்லாம் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்துவிட்டாள். ஆனால் பூட்டுக்கு முன்னால் இருந்த குழந்தையும் அவள் நினைவில் இருக்கிறதே. அக்காவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். பிடித்து, உருட்டி, தோட்டைத் திருகி, அக்காவைத் தூங்கவிடாது. அந்தப் பழக்கம் எப்போது நின்றது? யோசித்து யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அப்பாடா, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

அதனால்தான் இன்றைக்கு இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இங்கே சமையலறையைத் தொட்டுப் பார்க்கலாமாம் என்று யாரோ கடையில் சொல்லக் கேட்டிருந்தாள்.

வாலு இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டு மாவு இயந்திரத்துக்குப் போயிருந்தாள். பெரியவள் தங்கைக்குப் பின்னால் மெல்ல வந்து நின்றாள். அந்த மணிக்கட்டின் மேல் விரலை வைத்து ஒரு திருப்பு திருப்பினாள், திறக்கிற பக்கமாக.

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு சிரித்தாள். "ஐயோ அக்கா! இன்னும் அதை ஞாபகம் வச்சிருக்கியா?" தாடைத் தழும்பு சிரிப்பில் இழுபட்டது. கைகள் முன்னால் வந்தன. நழுவியிருந்த கைப்பையைத் தோளில் சரியாக மாட்டின. மறுபடி பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"எவ்வளவு நல்லா இருந்துச்சு இல்லக்கா அதெல்லாம்," என்றாள் சின்னவள். மனதாரத்தான் சொன்னாள். சாவியைப் பெரியவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், பூட்டைத்தான் இப்போது காணோம்.

மாடியில் சாப்பாட்டு அறை. நீளமான மேஜை மேல் விருந்துக்கு வைத்ததுபோலத் தட்டுகளும் கிண்ணங்களும் பரப்பியிருந்தார்கள். விளிம்பில் நீலக் கோடு ஓடும் மெல்லிய பீங்கான். இரண்டாவது தட்டில் மயிரிழை விரிசல் இருப்பதைப் பெரியவளின் கண் வாசலிலிருந்தே பிடித்துவிட்டது. தடுப்புக் கயிறு இடுப்பு உயரத்தில் இருந்தது. வாலு குனியவே வேண்டாம், அப்படியே நடந்து போய்விடலாம்.

அந்த நேரம் பார்த்து சின்னவளின் போன் அடித்தது. "மேனேஜர். லீவு போட்டாலும் விட மாட்டாரு," என்று முகத்தைச் சுளித்தாள். மேஜையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அக்கா, நான் கீழ போய்ப் பேசிட்டு வந்துடறேன். இவளுக்கு ஒரு பூட்டு போட்டுடு. நான் போட்டா நிக்க மாட்டா. நீ போட்டா நிக்கும், எனக்குப் போட்ட மாதிரி."

வாலுவுக்கு அந்தக் கதையெல்லாம் அத்துபடி. சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டிவிட்டாள். உள்ளங்கையெல்லாம் சமையலறைக் கரி.

"ம், போடு பெரியம்மா. டக்குனு சத்தம் கேக்கணும்."

பெரியவளின் விரல்கள் தாமாகவே அந்த மணிக்கட்டு வரை போய்விட்டன. அங்கே அப்படியே நின்றன. ஒரு திருப்பு திருப்பினால் போதும். குழந்தை நிற்கும், தட்டுகள் பிழைக்கும், காவலாளி தங்கமான பிள்ளை என்பார்.

அவள் அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிரித்தாள். ஒன்றைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கரி அவள் விரல்களிலும் ஒட்டியது.

"வேண்டாம்டி," என்றாள்.

"என்னக்கா?"

"நான் பிடிச்சுக்கறேன்."

"உருவிக்கிட்டு ஓடிடுவாக்கா. ஏதாவது உடைஞ்சா என்ன பண்றது? சும்மா விளையாட்டுக்குத்தானே, போட்டு விடேன்." போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் அதை எடுக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நீ போய்ப் பேசிட்டு வா," என்றாள் பெரியவள், வாலுவின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு. "பூட்டு மட்டும் நான் போட மாட்டேன்."