மண்டபத்தில் எடுத்த காட்சி

கண்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இருட்டிய பிறகு தனியாகக் கிணற்றடிக்குப் போகப் பயந்ததற்கு விவேகானந்தன்தான் காரணம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் வேலை தேடிக் கண்டிக்கு வந்து, சிங்களத்திலும் தமிழிலும் பேய்ப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். தண்ணீருக்குள்ளிருந்து எழும் கை, அலுமாரியைத் திறந்தால் தொங்கும் தலைமயிர், பின்னணியில் காது கிழியும் அலறல், இவைதான் அவருடைய படங்கள். மனைவி மங்களேஸ்வரி இறந்து ஒரு வருடமானதும் இன்னும் ஒரு படம் எடுக்கப்போகிறேன், அதோடு சரி என்றார். அந்தப் படத்தில் பேய் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

பணம் போட முன்வந்தவர் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் நஸீப். சின்ன வயதில் விவேகானந்தனின் படங்களை விரல் இடுக்கு வழியாகப் பார்த்து வளர்ந்தவர். எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், ஒரு காட்சியிலாவது ஆட்கள் கத்த வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

"செத்தவை வந்தால் சத்தம் போடமாட்டினம், நஸீப். மங்களம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை," என்றார் விவேகானந்தன்.



படத்தின் கதை சிறியது. கணவனை இழந்த ஒருத்தி அவன் கடைசியாக வேலை செய்த தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு வருகிறாள். மாலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுகிறாள். எதிரே உள்ள கதிரையைப் பார்த்துப் பேசுகிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், மறுபடி பேசுகிறாள். அவ்வளவுதான். தெல்தோட்டைக்கு மேலே ஆளில்லாமல் கிடந்த ஒரு பங்களாவைப் படப்பிடிப்புக்குப் பிடித்தார்கள். பங்களாவுக்குக் கீழே சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக ஒரு லயம், அதில் சில குடும்பங்கள். பள்ளத்தில் ஓடும் ஓடையைப் பாலத்தால் கடந்தால் எதிர்ச்சரிவில் தோட்டத்துப் பள்ளிக்கூடம்.

அந்த விதவையாக நடித்தவர் பிரியாந்தினி. கண்டியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வானொலி நாடகங்களில் பழகியவர். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டார். எண்ண வேண்டாம், எதிரில் இருக்கிறவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கோ என்றார் விவேகானந்தன். ஆரம்பத்தில் பிரியாந்தினிக்கு அது பிடிபடவில்லை. போகப் போக, ஒவ்வொரு பதிலும் வெவ்வேறு நீளமாக இருப்பதும், அது முடியும் கணம் தனக்குத் தெரிவதும் அவருக்கே சங்கடமாக இருந்தது. இடைவேளைகளில் அந்த அறையில் இருக்காமல் வெளி விறாந்தையில் வந்து நின்றார்.

ஒலிப்பதிவு ஜஹானா. கெலிஓயாக்காரி, விவேகானந்தனோடு முன்பும் வேலை செய்தவள். எந்த இடத்தில் படம் எடுத்தாலும், எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, வெறும் அறையின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வாள். பிறகு வசனங்களுக்கு இடையே ஒட்டுப் போட அது தேவை. மழை விடாமல் பெய்யத் தொடங்கிய பிறகு அந்த வெறும் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று கேட்டது. அம்மிக்கல்லை யாரோ சீமெந்துத் தரையில் மெல்ல இழுப்பது போல. ஜெனரேட்டரை நிறுத்திப் பார்த்தாள். மைக்கை மாற்றினாள். சத்தம் இருந்தது. காதில் ஹெட்போன் இல்லாமல் கேட்டால் மழை மட்டும்தான்.

மழை தொடங்கிச் சில நாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. நஸீப் மதியச் சாப்பாட்டோடு வந்திருந்தார். பிரியாந்தினி தேநீர்க் காட்சியில் உட்கார்ந்தார். கமராவில் டிலக்சன்.

"தேத்தண்ணி ஆறுது, குடிக்கேல்லையோ?" என்று எழுதிய வசனத்தைச் சொன்னார். காத்திருந்தார். இந்தமுறை காத்திருப்பு நீண்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"எப்ப? இண்டைக்கோ?" என்றார்.

அது வசனத்தில் இல்லை. மறுபடி காத்திருந்தார். தலையைத் திருப்பி, சரிவைப் பார்த்த ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப கீழை இருக்கிற சனம்?"

விவேகானந்தன் நிறுத்தச் சொல்லவில்லை. டிலக்சன் தானாகவே கமராவை நிறுத்தினான். தேநீர் தட்டில் சிந்தியிருந்தது. ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று விவேகானந்தன் கேட்டதற்கு, தெரியாது, வழமைபோலப் பதிலுக்கு இருந்தேன், பதில் வந்து முடிந்த மாதிரி இருந்தது என்றார் பிரியாந்தினி.

"என்ன பதில்?"

"வெளிக்கிட்டுப் போகச் சொல்லி."

விவேகானந்தன் ஜஹானாவிடம் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தப் பகுதியைப் போடச் சொன்னார். பிரியாந்தினியின் கேள்விகளுக்கு இடையே எந்தக் குரலும் இல்லை. கல் இழுபடும் சத்தம்தான் இருந்தது. காலையில் கேட்டதைவிட அது கிட்டத்தில் இருந்தது.

"கன நாளாக் கேக்குதோ, பிள்ளை?"

"மழ தொடங்கினதுல இருந்து ஈக்கிது, சேர். இண்டைக்குத்தான் இவ்வளவு."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் கட்டுங்கோ என்றார். இன்னும் ஒரு காட்சிதான் பாக்கி, முடித்துவிட்டே போகலாமே என்று நஸீப் சொல்லிப் பார்த்தார். விவேகானந்தன் குடையை எடுத்துக்கொண்டு லயத்தை நோக்கி இறங்கத் தொடங்கினார்.

லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மண்ணுக்கடியில் கல் நகரும் சத்தம் கேட்கிறது, சரிவு இறங்கப் போகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அவர் வாசல் வாசலாகச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மழைக்காலம் வந்தால் அதிகாரிகள் வந்து இதையேதான் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது பேய்ப் படம் எடுக்கிறவரும் வந்து சொல்கிறார். அந்த லயத்தில் எல்லோரும் கேட்பது புஸ்பராணியின் பேச்சைத்தான். கொழுந்து பறிப்பவள், கணவன் இல்லாதவள், ஒரே மகள் கண்டியில் துணிக்கடையில் வேலை.

"ஐயா, ஒங்க படத்தப் பாத்துட்டுக் காய்ச்சல்ல கெடந்தவ நானு. மறுபடியும் என்னைய பயங்காட்டப் பாக்குறீங்களா?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விவேகானந்தன் மழையில் நின்றார். அத்தனை வருடமாக இல்லாததைக் காட்டிப் பயமுறுத்தியவரின் பேச்சை, இருப்பதைச் சொல்லும்போது யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோபித்தாலோ கெஞ்சினாலோ இவர்கள் இன்னும் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் சிரித்தார்.

"சரி, உண்மையைச் சொல்லுறன். எனக்குக் கடைசிக் காட்சிக்கு ஒரு கூட்டம் வேணும். பள்ளிக்கூட மண்டபத்திலை. இப்பவே வேணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் சரிவராது."

அதன் பிறகு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பெட்டிகளைத் திறந்து நல்ல சேலை எடுத்தார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கினார்கள். புஸ்பராணிதான் முன்னால் நின்று, படுத்திருந்தவர்களை எழுப்பி, குழந்தைகளுக்குத் தலை வாரி, ஒருவரையும் விடாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேர்த்தாள்.

மண்டபத்தில் விவேகானந்தன் அவர்களை வாங்குப் பலகைகளில் வரிசையாக உட்காரவைத்தார். ஒரு விருந்தாளி வரப்போகிறார், எல்லோரும் வாசலைப் பார்க்க வேண்டும், என்ன கேட்டாலும் சத்தம் போடக்கூடாது, எழும்பக்கூடாது என்றார். டிலக்சன் முன்பக்க மூலையில் கமராவை நிறுத்தினான். எடுக்கவா என்று அவன் கேட்டதற்கு, சும்மா நிறுத்தி வை, அவர்கள் நம்பினால் போதும் என்றார். ஆனால் அத்தனை முகங்களை எதிரில் பார்த்ததும் டிலக்சனின் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது.

புஸ்பராணி பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைக் கிளப்பிய அவசரத்தில் வீட்டில் உடுத்தியிருந்த பழைய சேலையோடுதான் வந்திருந்தாள். பக்கத்து வரிசைகளைப் பார்த்தாள், தன்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து பின்கதவால் போனாள். அதைப் பார்த்தது பிரியாந்தினி மட்டும்தான். கழிவறைக்குப் போகிறாளாக்கும் என்று நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. ஜஹானாவுக்குக் காதில் எதையும் மாட்டத் தேவையிருக்கவில்லை. தரை வழியாகக் காலுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒருவரும் போடவில்லை. இது படத்துக்கான ஏற்பாடு என்றே முதலில் நினைத்தார்கள். அப்படியே வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள், முகங்கள் மட்டும் ஒவ்வொன்றாக மாறின. பிறகு ஒருவர் எழுந்து ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். எதிர்ச்சரிவில் பங்களா அப்படியே நின்றது. அதற்குக் கீழே லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

விவேகானந்தன் ஆட்களை எண்ணச் சொன்னார். அப்போதுதான் பிரியாந்தினி வாயைப் பொத்திக்கொண்டார்.

இராணுவத்தினர் புஸ்பராணியை மறுநாள் எடுத்தார்கள். மண்ணைக் கழுவியபோது, அவள் நீலப் பட்டுச் சேலை ஒன்றைச் சீராகக் கட்டியிருந்தது தெரிந்தது.

பத்திரிகைகள் விவேகானந்தனைத் தேடி வந்தன. ஒரு லயத்தையே காப்பாற்றியவர் என்று எழுதின. அவர் எவருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. கண்டியில், மஹய்யாவையில் ஒரு மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஜஹானாவோடு உட்கார்ந்து படத்தைத் தொகுத்தார். டிலக்சன் மண்டபத்தில் எடுத்ததைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கி ஒருமுறை தனியாகப் போட்டுப் பார்த்தார். பிறகு அதைத் தொடவில்லை. நஸீப் செய்தி கேட்டு வந்து நின்றார். அதைப் படத்தில் சேர்க்கக் கேட்பது சரியில்லை என்று தனக்கும் தெரியும், ஆனால் இப்படியொரு பயம் சேரின் எந்தப் படத்திலும் வந்ததில்லையே என்றார்.

"அதை நான் எடுக்கேல்லை, நஸீப்," என்றார் விவேகானந்தன்.

பிரியாந்தினி தேநீர் ஆறுவதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் படம் முடிந்தது. அடுத்த கேள்விகளை விவேகானந்தன் வெட்டிவிட்டார். கண்டியில் ஒரு சிறிய மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதிகம் பேசாமல் எழுந்து போனார்கள். சிலர் பேய் எங்கே என்று படியில் நின்று கேட்டார்கள். ஒரு பெண் மட்டும் விளக்குகள் எரிந்த பிறகும் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த நாள் காலை அவள் மஹய்யாவைக்கு வந்தாள். பெயர் நிரோஷினி. புஸ்பராணியின் மகள். மண்டபத்தில் எடுத்த படம் ஒன்று இருப்பதாக லயத்து ஆட்கள் சொன்னார்கள், அம்மா அதில் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

விவேகானந்தன் அவளை உட்காரவைத்து, முதலில் நடந்ததைச் சொன்னார். படம் எடுப்பதாகத் தான் பொய் சொன்னதையும், அந்தப் பொய்யை நம்பித்தான் அவளுடைய அம்மா சேலை மாற்றத் திரும்பிப் போனதையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்கு போட்டோ புடிக்கிறதுன்னாலே சீல மாத்தணும்," என்றாள் நிரோஷினி. "நீங்க போட்டுக் காட்டுங்க, ஐயா."

அவர் உடனே சம்மதிக்கவில்லை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை, அம்மா எழுந்து போவதுதான் தெரியும் என்றார். அது போதும் என்றாள். அவர் ஜஹானாவிடம் தலையசைத்தார்.

ஜஹானாவும் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வரிசைகள், நல்ல சேலைகள், கதிரையில் கிழவர். பின்வரிசை ஓரத்தில் புஸ்பராணி குனிந்து தன்னைப் பார்க்கிறாள், எழுகிறாள், போகிறாள். வாங்கின் முனை வெறுமையாகிறது. சத்தம் வருகிறது. முகங்கள் மாறுகின்றன.

"நிப்பாட்டுங்க."

ஜஹானா நிறுத்தினாள். நிரோஷினி எழுந்து போய்த் திரைக்கு வெகு கிட்டத்தில் நின்று, பின்வரிசையின் முனையைத் தொட்டாள்.

"வந்துட்டாங்களே. நீலச் சீல கட்டிருக்காங்க."

ஜஹானாவுக்கு அங்கே வெறும் வாங்கும், மழையில் ஊறிய சுவரும்தான் தெரிந்தன.

"எல்லாரும் வாசலப் பாக்குறாங்க," என்றாள் நிரோஷினி, மிக மெதுவாக. "அம்மா மட்டும் இங்கிட்டு பாக்குறாங்க. நம்மளப் பாக்குறாங்க."

ஜஹானா விவேகானந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், பிள்ளை," என்றார். "இருக்கிறா."

நிரோஷினி அழவில்லை. பிரதி வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். அம்மா எல்லோரோடும் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

அவள் போன பிறகு ஜஹானா கருவிகளை அணைத்தாள். அறையைப் பூட்டிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். அந்தப் பிள்ளையின் மனது நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர்களா என்று அவள் கேட்டாள். விவேகானந்தன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து தெருவில் நின்ற பிறகுதான் பதில் சொன்னார்.

"அண்டைக்குத் தனியப் போட்டுப் பாக்கேக்கையே கண்டனான், பிள்ளை. அதாலைதான் படத்திலை போடேல்லை."

தூறல் தொடங்கியிருந்தது. அவர் குடையை விரிக்காமல் நடந்தார். ஜஹானா கெலிஓயா பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றாள். அந்த மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.